ஒற்றைச் சுரப் பெட்டி

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் அரியலூருக்குச் சிந்தசைசர் என்கிற மின்சார இசைப்பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. வந்த அன்றைக்கே அது பழுதான சரக்கு என்று முடிவாகிவிட்டது.

முடிவு செய்தவர் பாலசுந்தரம். ஒரு மெல்லிசைக் குழுவின் சொந்தக்காரர். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பு உண்டு. பாட வராது, எந்த வாத்தியமும் வாசிக்க வராது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையில் கையை வீசிக்கொண்டு நிற்க வரும். அதற்குப் பெயர்தான் குழுவை நடத்துவது என்று அவர் நம்பினார். சிங்கப்பூர் மச்சானை இரண்டு வருஷம் நச்சரித்து வரவழைத்த பெட்டியைக் கூடத்து மேஜையில் வைத்ததும், குழுவின் ஆர்மோனியக்காரர் ஆண்டவர் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினார். ஒரு சத்தம்தான் வந்தது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றுதான். மீதிச் சத்தமெல்லாம் கப்பலில் வரும்போதே கழன்று போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பெட்டியைச் சரிபார்க்கக் கொண்டுபோன இடம் மார்க்கெட் தெருவில் இருந்த பூமாலையின் ரேடியோ கடை.

பூமாலைக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அரியலூரில் அவர் மதிக்கிற ஆள் என்று ஒருவர்கூடக் கிடையாது. கடைக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதன் கோளாறுக்கு ஆளுக்கொரு காரணமும் சேர்த்தே கொண்டுவருவார்கள். மழைக்காலம் என்பதால் சளி பிடித்துவிட்டது என்பார் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரி பொறாமையோடு பார்த்தாள், மறுநாளே வாய் அடைத்துவிட்டது என்பார் இன்னொருவர். உள்ளே பல்லி புகுந்ததால் கெட்டுப்போனது என்று அடித்துச் சொன்ன ஒருவரிடம், அப்படியானால் பல்லியைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று ரேடியோவைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் பூமாலை. கோளாறுகூட அவருக்குப் பொறுக்கும், கோளாறுக்குத் தப்பான காரணம் சொல்வது பொறுக்காது. வியாபாரம் அதனால் கெட்டதே தவிர வளரவில்லை. ஆனாலும் பெரம்பலூர் முதல் மீன்சுருட்டி வரை மற்ற கடைகளில் முடியாது என்று கைவிட்ட பெட்டிகள் கடைசியில் அவரிடம்தான் வந்தன.

அவர் சிந்தசைசரோடு வந்திருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பூமாலைக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் தபாலில் படித்த ரேடியோ பாடத்தில் வந்த இங்கிலீஷ்தான். இந்தப் புத்தகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பாலசுந்தரமும் ஆண்டவரும் இரண்டு டீ குடித்து முடிக்கும்வரை படித்தார். பிறகு ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்தில் இருந்த திருகை மெல்லத் திருப்பினார். கடைக்கு வெளியே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் காலை ஊன்றி நின்றுவிட்டார்.

“பழுதெல்லாம் இல்லீங்க. இது ஒரு நேரத்துக்கு ஒரு சுரம்தான் பேசும். செஞ்சதே அப்படித்தான்” என்றார் பூமாலை.

ஒரே ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பாலசுந்தரம் கேட்டார்.

“நாகஸ்வரத்துல எத்தனை சத்தம் வருதுங்க?”

பாலசுந்தரம் ஆண்டவரைப் பார்த்தார். ஆண்டவர் டீ கிளாசைப் பார்த்தார். பெட்டியை வாசிக்க ஆள் கிடைத்துவிட்டது.

பூமாலையின் சொந்த ஊர் செந்துறைக்குக் கிழக்கே உள்ள கீழக்கொட்டாரம். ஊர் வேறு, காலனி வேறு. அவர் காலனிக்காரர். அப்பா பறை அடித்தார். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பாவாடை அடித்தார். ஊரில் சாவு விழுந்தாலும் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினாலும் அவர்கள் போய் நிற்க வேண்டும். சிறுவயதில் பூமாலைக்கு இருந்த வேலை வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் பறையைக் காட்டுவது. தோல் காய்ந்து இறுகினால்தான் சத்தம் கணீரென்று வரும். பதினைந்து வயதில் ஒருநாள் ஒரு சாவு வீட்டு வாசலில், கிட்டே வந்து நிற்கிறான் என்று ஒருவர் குச்சியை ஓங்கினார். பூமாலை வைக்கோலை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய், ஒரு ரேடியோ கடையில் தரை கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். குச்சி ஓங்கியவரை மறந்துவிட்டார். அந்த வாசலிலேயே நின்று தொடர்ந்து அடித்த அண்ணனை அவர் மன்னிக்கவில்லை. மாட்டுத்தோலைச் சூடுபண்ணிச் சோற்றுக்கு நிற்கிற கூட்டம் என்று தன் மனைவி செங்கமலத்திடமே சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருஷத்தில் ஊருக்குப் போனது இரண்டு முறை, அதுவும் அப்பா அம்மா காரியத்துக்கு.

பெட்டி வந்த பிறகு பூமாலைக்கு உலகத்தில் வேறு எதுவும் தேவைப்படவில்லை. அதில் தயாராக எந்தச் சத்தமும் கிடையாது. திருகுகளைத் திருப்பி நாமே சத்தத்தைச் செய்துகொள்ள வேண்டும். புல்லாங்குழல் செய்தார், காற்று செய்தார், ரயில் பாலத்தைக் கடக்கிற ஓசையைச் செய்தார். இடது கைப் பக்கம் இருந்த பிடியை நெட்டினால் சுரம் வழுக்கிக்கொண்டு மேலே போகும். அதை வைத்து நாகஸ்வரத்தில் வருகிற கமகத்தை வாசித்தார். திருச்சிக்காரர்களிடம்கூட இல்லாத சத்தம் என்று பாலசுந்தரம் குழுவுக்கு வாலிகண்டபுரம் வரையில் அழைப்பு வந்தது.

வெயில் ஏற ஏறப் பெட்டியின் சுருதியும் ஏறும். சித்திரை மாதத்து மேடையில் ஒரு பாட்டுக்குள்ளேயே கால் சுரம் நகர்ந்துவிடும். வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் சுருதித் திருகைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருப்பார் பூமாலை. இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பது குழுவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் காது அவர்களுக்கு இல்லை என்பது பூமாலையின் எண்ணம், அது பெரும்பாலும் சரி.

மேடையில் பாலசுந்தரம் ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். தபலாவுக்கு ஒரு பெயர், கிதாருக்கு ஒரு பெயர். பெட்டிக்கு வரும்போது மட்டும், “அடுத்ததாக ஜப்பான் சிந்தசைசர்” என்று கையை நீட்டுவார். ஜனங்கள் பெட்டிக்குக் கை தட்டுவார்கள். வாசிக்கிற ஆள் ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பெயரைச் சொன்னால் எந்த ஊர் என்று கேட்பார்கள், ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்று கேட்பார்கள், பிறகு குழுவுக்கு இலை போடுகிற வீட்டில் சிக்கல் வரும். பாலசுந்தரம் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பூமாலையும் கேட்டதில்லை. இந்த ஜனங்களின் கைதட்டல் யாருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொண்டது ஓரளவுக்குத்தான் உதவியது.

கச்சேரி இல்லாத நாட்களில் பெட்டி பூமாலையின் கடையிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் கடையைச் சாத்திக்கொண்டு, இரண்டு டேப் ரெக்கார்டரை வைத்து ஒரு சத்தத்தின் மேல் இன்னொரு சத்தமாகப் பதிந்துகொண்டே போவார். நான்கு மாதம் இப்படி உழைத்துப் பதினோரு நிமிஷத்துக்கு ஒன்று செய்தார். அதில் வார்த்தை கிடையாது, தாளம்கூடப் பாதிக்கு மேல்தான் வரும். வெயில் காலத்தில் சுண்ணாம்புக்கல் காட்டின் மேல் எழும்புகிற அனல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. யாரிடமாவது போட்டுக் காட்ட வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசை வந்தது. பாலசுந்தரத்திடம் போட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதினோரு நிமிஷமும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்.

எண்பத்து நான்காம் வருஷம் பங்குனியில் பாலசுந்தரம் ஒரு புது யோசனையோடு கடைக்கு வந்தார்.

கீழக்கொட்டாரத்தில் பறை நின்றுபோயிருந்தது. முந்தின வருஷத் திருவிழாவில் அடித்து முடித்தவர்களுக்குக் கோயில் தர்மகர்த்தா நடராசன் வழக்கம்போலத் துண்டைத் தரையில் போட்டார். வழக்கம்போலக் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பாவாடை எடுக்கவில்லை. கையில் கொடுங்கள் என்றார். நடராசன் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். துண்டுகள் மறுநாள் வரை அங்கேயே கிடந்தன. அன்றிலிருந்து சாவுக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை என்று காலனிக்காரர்கள் பறையை மாட்டி வைத்துவிட்டார்கள். பக்கத்து ஊர்க் காலனிகளில் ஆள் கேட்டார்கள். அங்கேயும் யாரும் வரவில்லை. பறைச் சத்தம் கேட்காமல் அம்மன் எழுந்திருக்க மாட்டாள், தேர் நகராது என்பது அந்த ஊர் வழக்கம். சித்திரைத் திருவிழாவுக்கு இருபது நாள்தான் இருந்தது.

பெட்டியில் பறைச் சத்தம் வருமா என்று கேட்டார் பாலசுந்தரம். நடராசன் அவருக்குத் தூரத்து உறவு. வந்தால் இந்த ஒரு ஊர் மட்டுமில்லை, எங்கெல்லாம் காலனிக்காரர்கள் முறுக்கிக்கொள்கிறார்களோ அங்கெல்லாம் நம் பெட்டி போகலாம் என்று சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. திருச்சியில் சர்ச் ஆர்கன் வாசிக்கிற ஒருவர் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பூமாலைக்கு இரண்டு தரப்பும் ஒன்றுதான். துண்டைக் கீழே போடுகிறவன் ஒரு மடையன் என்றால், அந்தத் துண்டுக்காக இத்தனை காலம் நின்றுகொண்டிருந்தவன் இன்னொரு மடையன். இவர்கள் சண்டையில் தனக்கு என்ன வந்தது என்று யோசித்தார். ஆனால் பெட்டி கையைவிட்டுப் போவதை அவரால் யோசிக்கக்கூட முடியவில்லை. தோலே இல்லாத ஒன்றிலிருந்து தோலின் சத்தத்தைக் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி வேறு அதற்குள் அவரைப் பிடித்துக்கொண்டது. செய்து தருகிறேன் என்றார்.

மூன்று நாள் ஆனது. ரேடியோவில் நிலையம் கிடைக்காத இடத்தில் கேட்கிற இரைச்சல் மாதிரி ஒன்று பெட்டிக்குள்ளேயே உண்டு. அதை எடுத்துக் கூர்மையாக நறுக்கினார். அடியில் ஒரு தடித்த சுரத்தை வைத்தார். நீளக் குச்சி விழுகிற இடத்துக்கு ஒரு மாதிரி, குட்டைக் குச்சிக்கு ஒரு மாதிரி. முதல் நாள் தகர டப்பா போல இருந்தது. இரண்டாம் நாள் பறைதான், ஆனால் சூடு காட்டாத பறை. மூன்றாம் நாள் மதியம் தோல் இறுகியது. எவ்வளவு இறுக வேண்டும் என்பதை அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. பிறகு அம்மனுக்கு அடிக்கிற அடியை ஒவ்வொன்றாகப் பெட்டியின் நினைவில் ஏற்றினார். ஒரு கட்டையை அமுக்கினால் போதும், நிறுத்தும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்பத் தானே அடிக்கும்.

செங்கமலம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் கடை வாசலில் நின்று கேட்டாள். பூமாலை பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. உங்க அண்ணன் குச்சியக் கீழ வச்சிட்டாரு. நீ எடுத்துக் குடுக்குற” என்றாள்.

தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாடு அப்படியே திரும்பிப் போனது.

திருவிழா அன்று பெட்டியோடு கீழக்கொட்டாரத்தில் இறங்கியபோதுதான் நடராசனின் ஏற்பாடு தெரிந்தது. பெட்டி அம்மனுக்கு நேர் எதிரே, கயிறு கட்டிய எல்லைக்கு உள்ளே இருக்கும். பூமாலை உள்ளே வரக்கூடாது. கட்டையைப் பாலசுந்தரம் அமுக்குவார். ஒரு கட்டைதானே என்றார் நடராசன். சத்தம் யாருடையது என்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, அதைச் செய்த கை உள்ளே வருவதில்தான் ஆட்சேபம். பூசாரி பெட்டிக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார். அதோடு விடாமல், அதுவரை அதைத் தொட்டுக்கொண்டிருந்த தீட்டுக் கழிய வேண்டும் என்று மஞ்சள் தண்ணீரை எடுத்துக் கட்டைகளின் மேல் தெளித்தார். பூமாலைக்குத் தன் முகத்தில் தெளித்தால்கூட அப்படிப் பதறியிருக்காது. உள்ளே இருக்கிற சர்க்கியூட் என்னாகும் என்று தெரியாமல் ஜப்பான் கருவிக்குத் தீட்டுக் கழிக்கிற கூட்டத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நல்லவேளையாகத் தண்ணீர் அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

அவருக்குக் கொடுத்த இடம் கயிற்றுக்கு வெளியே, முப்பது அடி தள்ளி, வயர் வந்து சேர்கிற ஸ்டெபிலைசர் பக்கத்தில். ஜெனரேட்டர் கொண்டுவரச் சொல்லி மூன்று முறை சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு மேல் மும்முனைக் கரண்ட் விடுவார்கள், சுற்றுவட்டாரத்தில் இருக்கிற மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும், கரண்ட் தாங்காது என்று விளக்கியும் சொன்னார். சாமி காரியத்துக்குக் கரண்ட் அதுபாட்டுக்கு நிற்கும் என்றார் பாலசுந்தரம்.

தேருக்குக் கொண்டுபோகச் சாமியைத் தோளில் எடுத்தபோது மூன்றே கால் மணி. பாலசுந்தரம் கறுப்புக் கண்ணாடியோடு கட்டையை அமுக்கினார். இரண்டு பெரிய ஸ்பீக்கரில் பறை கிளம்பியது. கூட்டம் ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு ஒரு பெண் தலையை விரித்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அம்மனே வந்துவிட்டாள் என்று நடராசன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரைச்சலையும் ஒரு சுரத்தையும் கலந்து கடையில் உட்கார்ந்து செய்ததற்கு அம்மன் வருகிறாள் என்றால் வரட்டும் என்று நினைத்தார் பூமாலை. தூரத்தில், காலனி முனையில், அண்ணன் பாவாடையும் அவரோடு பத்துப் பதினைந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமாலை அந்தப் பக்கம் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தார். இருநூறில் இருந்தது நூற்றெண்பதுக்கு வந்தது. வயல் பக்கம் மோட்டார் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. நூற்றறுபது. வேகத் திருகைக் கூட்டுங்கள் என்று பாலசுந்தரத்தைப் பார்த்துக் கத்தினார். அவர் கையசைப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பாலசுந்தரமும் பதிலுக்குக் கையசைத்தார். நூற்று நாற்பது.

அடி தளர்ந்தது. ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விழுந்தது. இறுகியிருந்த தோல் தொய்ந்த மாதிரி சத்தம் கனத்து அடியில் இறங்கியது. துக்க வீட்டு வாசலில் முதலில் விட்டுவிட்டு அடிப்பார்களே, அந்த மாதிரி இரண்டு ஸ்பீக்கரிலும் அம்மனுக்கு முன்னால் கேட்டது. ஆடிக்கொண்டிருந்த பெண் நின்றுவிட்டாள். சாமி தூக்கியவர்கள் தோளில் இருந்ததை இறக்கி வைத்தார்கள். ஒரு கிழவர் வாய்விட்டே சொன்னார், சாவு அடி என்று. அப்புறம் எல்லோரும் சொன்னார்கள்.

பாலசுந்தரம் பயந்துபோய்ப் பெட்டியை நிறுத்தினார். நான்கு பேர் பூமாலையைக் கயிற்றுக்கு உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். சற்று முன்வரை அவர் தாண்டக்கூடாது என்று வைத்திருந்த கயிறு அது. ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. காலனிக்காரன் புத்தி என்றும், அண்ணனோடு சேர்ந்து திட்டம் போட்டுச் செய்தது என்றும் சுற்றி நின்று சொன்னார்கள். இருபது வருஷமாகப் பேசாத அண்ணனோடு எந்தத் திட்டம் போடுவது என்று பூமாலைக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதற்குள் முதுகில் இரண்டு அடி விழுந்துவிட்டது.

அப்போது பாலசுந்தரம் நடுவே வந்தார். பெட்டியை இழக்க அவருக்கு மனமில்லை, பெட்டியை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளை இழக்கவும் மனமில்லை. ஸ்டெபிலைசர் முள்ளைக் காட்டினார். மோட்டார் ஓடுகிறது, கரண்ட் இறங்கிவிட்டது, அதனால்தான் அடி தளர்ந்தது என்று நடராசனுக்கு விளக்கினார். இரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி அவர் சொன்ன முதல் சரியான வார்த்தை அது.

நடராசன் யோசித்தார். கரண்ட்தான் காரணம் என்றால் ஜெனரேட்டர் வைத்து அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அடிக்கலாமா என்று கேட்டார். தாராளமாக அடிக்கலாம், இனி வருஷா வருஷம் ஜெனரேட்டரோடே வந்துவிடுகிறேன் என்றார் பாலசுந்தரம். நடராசன் பூமாலையிடம் திரும்பினார். அம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சொல், கரண்ட்டா, நீயா என்று கேட்டார்.

“கரண்ட்டுன்னு சொல்லுடா. சொல்லிட்டு வண்டில ஏறு. பொட்டி ஒன்கிட்டயே இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு” என்றார் பாலசுந்தரம் காதருகே.

அது உண்மை. பூமாலைக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த உண்மை எதுவும் கிடையாது. அதைச் சொன்னால் பெட்டி இருக்கும், செவ்வாய்க்கிழமை மதியங்கள் இருக்கும், பதினோரு நிமிஷத்துக்கு அடுத்து இன்னொன்று செய்யலாம். கரண்ட் என்றால் அது மெஷின் கோளாறு, மெஷின் கோளாறைச் சரிசெய்துவிடலாம். சரிசெய்து வருஷா வருஷம் கொண்டுவந்து வைப்பார்கள். துண்டைக் கையில் கேட்டவர்களுக்கு இனி இந்த ஊரில் கேட்க வழியே இருக்காது. ஆள் செய்த வேலை என்றால் அதற்கு ஜெனரேட்டர் கிடையாது. பெட்டியை வைத்து இனி எந்த ஊரும் அம்மனை எழுப்பத் துணியாது. ஒரு சர்க்கியூட்டைப் பார்த்துக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கிற நேரம்தான் ஆனது இதற்கும்.

“கரண்ட்டு இல்லீங்க. நான்தான் சாவு அடிய ஏத்தி வச்சேன்” என்றார் பூமாலை.

கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். அதன் பிறகு அவர்கள் அடித்ததில் ஒரு பல்லும் இடது காதில் பாதிக் கேட்கும் திறனும் போயின. பாலசுந்தரம் பெட்டியைத் துணியில் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். திருச்சி ஆர்கன்காரருக்கு அது ஒத்துவரவில்லை, கடைசியில் ஜெயங்கொண்டத்தில் முந்திரி மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது என்று பின்னாளில் பூமாலை கேள்விப்பட்டார். போய்ப் பார்க்கவில்லை.

காலனிக்காரர்கள் அன்றைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போய் பாவாடை வீட்டில் படுக்க வைத்தார்கள். ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். ஊரையே நடுங்க வைத்துவிட்டாயே என்று பெருமையாகச் சொன்னார்கள். மோட்டார் போட்ட குடியானவர்களுக்குச் சேர வேண்டிய பெருமை அது என்று நினைத்துக்கொண்டு பூமாலை வாயை மூடிக்கொண்டு கிடந்தார். வாழ்நாள் முழுக்க இந்தத் தப்பான காரணத்தைக் கேட்டுக்கொண்டு தலையாட்ட வேண்டும் என்பது அடிபட்ட இடத்தைவிட அதிகமாக வலித்தது.

மூன்றாம் நாள் காலையில் நடராசன் வீட்டு ஆள் வந்துவிட்டுப் போனார். அம்மன் முன்னால் சாவு அடி விழுந்த குற்றம் போக, அதே இடத்தில் நிஜப் பறை அடித்தாக வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டாராம். துண்டைக் கையில் கொடுப்பதற்குச் சம்மதமாம். பாவாடை உள்ளே வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அன்னிக்கு விழுந்தது சாவு அடி இல்லடா. சாமி அடிதான். ஒரு அடி மாறல. தோலு எறங்கிப்போச்சு, அவ்வளவுதான்.”

பூமாலை அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள்.

“ஆமாண்ணே. கரண்ட்டு கொறைஞ்சுபோச்சு” என்றார்.

“எனக்குத் தெரியும்” என்றார் பாவாடை. “வெளிய சொல்லிறாத.”